பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கும் ஒரு டார்ச்: குறைந்த செலவில் விளக்கும் சார்ஜரும்

செட்டிநாட்டு வீட்டில் டார்ச் பகலிலும் வேண்டியிருக்கிறது. உச்சி வெயில் நேரத்தில் இரண்டாங்கட்டு அறைக் கதவைத் திறந்தாலும் உள்ளே கும்மிருட்டு. தடித்த சுவர், சின்ன ஜன்னல், தலைக்கு மேலே கறுத்துப்போன பர்மாத் தேக்கு. பல வீடுகளில் பின்கட்டு வரை வயரே போயிருக்காது. அதனால் மாடத்தில் எப்போதும் ஒரு டார்ச் கிடக்கும். எடுத்து அழுத்தினால் எரியாது. பின்மூடியைத் திருகினால் அசையாது. பலங்கொண்டு திறந்தால் பேட்டரிக் கட்டை ஊதிக் கசிந்து, வெள்ளையும் பச்சையுமாகப் பூத்து, குழலோடு ஒட்டிக்கொண்டிருக்கும்.

அந்த டார்ச்சைக் குறை சொல்ல முடியாது. கட்டையை உள்ளேயே விட்டுவிட்டு ஆறு மாதம் வீட்டைப் பூட்டிப் போனதால் வந்த வினை. புதிதாக வாங்குபவர்கள் வெளிச்சத்தைப் பார்த்து வாங்கிவிட்டு, கட்டைக்கும் சார்ஜருக்கும் பிறகு அலைகிறார்கள். வரிசையைத் திருப்பிப் போடுங்கள். இந்த விளக்குக்கு யார் சார்ஜ் போடப்போகிறார்கள், எத்தனை நாளுக்கு ஒருமுறை? இதற்குப் பதில் கிடைத்தால் எந்தக் கட்டை என்பது முடிவாகும். கட்டையை வைத்துச் சார்ஜரைத் தேர்ந்தெடுக்கலாம். விளக்கு கடைசியில்தான் வரும்.

முதலில் கட்டை

கடைகளில் பரவலாகக் கிடைக்கும் கட்டைகளை ஐந்து வகையாகப் பிரிக்கலாம்.

பழைய துத்தநாக-கார்பன் கட்டை மிக மலிவு. இதில் துத்தநாகமே வெளிக்கூடு. மின்சாரம் தரத்தர அந்தக் கூடு அரித்து மெலிகிறது, கடைசியில் ஓட்டை விழுந்து கசிகிறது. சுவர்க்கடிகாரத்துக்குச் சரி. எப்போதாவது எடுக்கும் டார்ச்சுக்கு ஆகாது.

ஆல்கலைன் கட்டை இதைவிடக் கூடுதல் நேரம் உழைக்கும். ஆனால் தீர்ந்த பிறகு உள்ளேயே விட்டால் இதுவும் கசியும்.

சார்ஜ் ஏறும் நிக்கல் கட்டை ஏஏ, ஏஏஏ அளவுகளில் வருகிறது. ஒன்றுக்கு 1.2 வோல்ட். வாங்கும்போது சேமிப்பில் சார்ஜ் இறங்காத ரகமாகப் பாருங்கள். எனலூப் போன்றவை இந்த ரகம், ஏஏ ஒன்றில் 2000 எம்ஏஹெச் (மில்லி ஆம்பியர்-மணி, அதாவது கட்டையின் கொள்ளளவு) இருக்கும். பக்கத்திலேயே 2600, 2700 என்று அச்சிட்டவை இருக்கும். எண்ணில் பெரியதாக இருந்தாலும் சும்மா கிடக்கும்போது அவற்றில் சார்ஜ் சீக்கிரம் இறங்கும், ஆயுளும் குறைவு. இங்கே 2000-தான் புத்திசாலித்தனம்.

லித்தியம் அயான் கட்டைகளில் 18650 என்பது 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். கடைசிச் சுழி உருளை வடிவத்தைக் குறிக்கும். 21700 என்றால் 21-க்கு 70. முழுச் சார்ஜில் 4.2 வோல்ட், சராசரியாக 3.6. சின்ன உடம்பில் அதிக ஆற்றல் இருப்பது இதில்தான், கவனமாகக் கையாள வேண்டியதும் இதுதான்.

ஐந்தாவது, சுவரில் நேராகச் செருகும் பிளாஸ்டிக் டார்ச்சுக்குள் இருக்கும் 4 வோல்ட் ஈய-அமிலக் கட்டை. சார்ஜ் இறங்கிய நிலையில் சில வாரம் கிடந்தாலே தகடுகளில் சல்பேட் படிந்து செத்துவிடும். பூட்டிய வீட்டில் இதை வைப்பது காசைக் கரியாக்குவது. இன்னொரு ஆபத்தும் உண்டு. மலிவான பல டார்ச்களில் மின்மாற்றி கிடையாது. ஒரு கெப்பாசிட்டர் வழியாக 230 வோல்ட்டே நேராக உள்ளே வருகிறது. சார்ஜில் இருக்கும்போது அதை எரிக்கவும் வேண்டாம், உலோகப் பாகத்தைத் தொடவும் வேண்டாம்.

இனி யாருக்கு எது?

தினமும் ஆள் புழங்கும் வீடு, கொல்லைக்கும் தெருவுக்கும் போய்வர விளக்கு வேண்டும் என்றால் 18650. வாரம் ஒருமுறை சார்ஜ் போட ஆள் இருக்கிறார், மின்தடை நாளுக்கும் தாங்கும்.

முன்னோர் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் திறக்கும் வீடு என்றால் ஏஏ கட்டை போடும் விளக்காக வாங்குங்கள். அதில் சார்ஜ் ஏறாத லித்தியம் ஏஏ கட்டை போட்டு வைக்கலாம். 1.5 வோல்ட், விலை கூடுதல், ஆனால் பல வருடம் கிடந்தாலும் சார்ஜ் நிற்கும், கசிவதும் அரிது. அவ்வளவு செலவு வேண்டாம் என்றால் சார்ஜ் இறங்காத நிக்கல் கட்டை. ஒரு வருடம் கழித்துத் திறந்தாலும் பெரும்பகுதி சார்ஜ் மிச்சமிருக்கும். காவலுக்கு இருப்பவர் அவசரத்துக்குப் பெட்டிக்கடையில் சாதாரண ஏஏ கட்டை வாங்கிப் போட்டும் எரிக்கலாம் என்பது கூடுதல் வசதி.

வீட்டில் தனியாக இருக்கும் ஆச்சிக்கு என்றால் கட்டை எதுவானாலும் சரி, ஒரே பொத்தான், அழுத்தினால் எரிய வேண்டும், மறுபடி அழுத்தினால் அணைய வேண்டும். ஐந்து வெளிச்ச நிலையும் கண்ணைப் பறிக்கும் மின்னலும் உள்ள விளக்கைக் கொடுத்தால் அவர் அதை மாடத்தில் வைத்துவிட்டுப் பழையபடி செல்போனைத்தான் எடுப்பார்.

14500 என்ற பெயரில் ஒரு லித்தியம் கட்டை அச்சு அசல் ஏஏ அளவில் வருகிறது. அது 4.2 வோல்ட். தெரியாமல் கடிகாரத்திலோ குழந்தையின் பொம்மையிலோ போட்டால் அந்தப் பொருள் கருகிவிடும். வீட்டில் ஏஏ புழங்கினால் 14500-ஐ உள்ளே கொண்டுவராதீர்கள்.

லூமன் கணக்கு

விளக்கு தரும் மொத்த வெளிச்சத்தின் அளவுதான் லூமன். அட்டையில் 10,000 லூமன், 20 மணி நேரம் என்று போட்டிருக்கும். பெருக்கிப் பார்த்தாலே உண்மை தெரிந்துவிடும்.

3000 எம்ஏஹெச் உள்ள 18650 கட்டையில் இருப்பது 3.6 × 3 = ஏறத்தாழ 10.8 வாட்-மணி. மலிவு விளக்கில் ஒரு வாட்டுக்கு 100 லூமன் வெளியே வந்தால் நல்ல விளக்கு. ஆக மொத்தம் 1,000 லூமன்-மணி சொச்சம். 100 லூமனில் பத்து மணி நேரம், 500 லூமனில் இரண்டு மணி நேரம், 1,000 லூமனில் ஒரு மணி நேரம் என்று பிரித்துக்கொள்ளலாம். இதைத் தாண்டிச் சொல்பவர் அளந்து சொல்லவில்லை. அந்த 1,000 லூமனும் நிலைக்காது. உள்ளங்கை அளவு அலுமினியக் குழல் சில நிமிடத்தில் சுட்டு, விளக்கு தானே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும். குறைத்துக்கொள்ளாத விளக்குதான் கவலைக்குரியது. இரண்டு ஏஏ நிக்கல் கட்டைக்கு இதே கணக்கு 4.8 வாட்-மணி, அதாவது 480 லூமன்-மணி.

தேவை என்னவோ கொஞ்சம்தான். பெட்டகத்துக்குள் சாவி தேட 5 லூமன் போதும். தெருவில் நடக்க 50 முதல் 100. கொல்லைக் கிணறு, தோட்டம் பார்க்க 300. அதற்கு மேல் ஊருணிக்கரையின் மறுமுனையைப் பார்க்க வேண்டுமானால் லூமனைக் கூட்டிப் பயனில்லை, கற்றை குவிய வேண்டும். குவிப்பை அளப்பது காண்டெலா. காண்டெலாவின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் அட்டையில் போடும் மீட்டர் வரும். 10,000 காண்டெலாவுக்கு வர்க்கமூலம் 100, தூரம் 200 மீட்டர். இந்த 200-ம் பௌர்ணமி நிலா வெளிச்சம் அளவுக்கு, அதாவது 0.25 லக்ஸுக்கு, கற்றை மங்கும் இடம்தான். அங்கே நிற்பது நாயா நரியா என்று தெரிய வேண்டுமானால் மூன்றில் ஒரு பங்கு தூரத்தை நம்புங்கள். எஃப்எல்1 என்ற தரக்குறியோடு அச்சிட்ட லூமன், எரிய ஆரம்பித்து 30 வினாடி கழித்து அளந்தது. நேரம் என்பது வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகத் தேயும் வரை. இந்தக் குறி இருக்கும் பெட்டியின் எண்களை ஒப்பிடலாம். இல்லாத பெட்டியின் எண்களை விலைச்சீட்டு அலங்காரமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

விளக்கைக் கையில் வாங்கிப் பார்க்கும்போது

நிறம்தான் இந்த மண்ணுக்கு முக்கியம். மலிவு எல்இடி பெரும்பாலும் நீலம் பாய்ந்த வெள்ளை, 6500 கெல்வின். செம்மண்ணும் சருகும் அந்த ஒளியில் ஒரே சாம்பலாகத் தெரியும். சருகு நிறத்தில் சுருண்டு கிடக்கும் சுருட்டை விரியன் அதில் கரைந்துபோகும். 4000 முதல் 5000 கெல்வின், நிறத்தைக் காட்டும் எண் (சிஆர்ஐ) 90 அல்லது அதற்கு மேல் என்று அச்சிட்டிருந்தால் செம்மண் செம்மண்ணாகவே தெரியும். அதே கட்டையில் லூமன் கொஞ்சம் குறையும், குறையட்டும். கட்டுவிரியன் இரவில் நடமாடுவது, வீட்டுக்குள்ளும் வருவது. அதனால் படியிறங்கும் முன் காலடியைப் பார்க்கும் விளக்கில் பரந்த ஒளி வேண்டும். நடுவில் மட்டும் குத்தும் புள்ளி ஒளி உதவாது. முன்பகுதியை இழுத்துக் குவிக்கும் ஜூம் டார்ச் கடையில் நன்றாகத்தான் தெரியும். குவிக்கும்போது பாதி வெளிச்சம் உள்ளேயே முட்டி வீணாகிறது, இழுக்கும் இடைவெளி வழியே மழையும் புகும்.

வீட்டுக்குள் அறை முழுக்க வெளிச்சம் வேண்டுமென்றால் டார்ச்சைப் பின்பக்கமாக நிறுத்தி மேலே அடிக்கச் சொல்வார்கள். வெள்ளைக் கூரை உள்ள வீட்டுக்கு அது சரி. நம் வீட்டுத் தேக்குக் கூரை வெளிச்சத்தை விழுங்கிவிடும். சுண்ணாம்புப் பூச்சு பளபளக்கும் சுவரைப் பார்த்துச் சாய்த்து வையுங்கள், 100 லூமனிலேயே அறை துலங்கும். ஆத்தங்குடித் தரையில் நேராக அடித்தால் கண் கூசுவதுதான் மிச்சம்.

பிறகு இவற்றைப் பாருங்கள். கட்டையை நாமே கழற்றி மாற்ற முடிகிறதா? ஒட்டி மூடிய விளக்கு, கட்டையோடு சேர்ந்து சாகும். திருகு மரையில் ரப்பர் வளையம் இருக்கிறதா? ஐபிஎக்ஸ்4 என்றால் மழைச்சாரல் தாங்கும். ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம். செல்போன் கேமராவைக் குறைந்த வெளிச்ச நிலையில் விளக்குக்கு நேரே காட்டுங்கள். திரையில் பட்டை பட்டையாக ஓடினால் அது விட்டுவிட்டு எரிகிறது. கொஞ்ச நேரத்துக்குச் சரி, நீண்ட நேரம் படிக்கவோ வேலை செய்யவோ கண் வலிக்கும். இரண்டு 18650-ஐ ஒன்றன்பின் ஒன்றாகப் போடும் விளக்கைப் புதியவர்கள் தவிர்த்துவிடுங்கள். ஒரு கட்டை முதலில் தீர்ந்தால் மற்றது அதைத் தலைகீழாக விரட்டும், தீப்பிடிக்கவும் கூடும்.

குறைந்த விலையில் பெயர் எடுத்தவை கான்வாய், சோஃபிர்ன், வுர்க்கோஸ். கான்வாய் எஸ்2 பிளஸ் எளிய 18650 குழல். சார்ஜர் தனியாக வேண்டும். வுர்க்கோஸ் எஃப்சி11-ல் யூஎஸ்பி-சி வாய் விளக்கிலேயே உண்டு. சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து வரும் உறவினரிடம் சொல்லி வாங்குவதானால் உதிரி லித்தியம் கட்டையைக் கைப்பையில் டப்பாவுக்குள் போட்டு எடுத்துவரச் சொல்லுங்கள். செக்-இன் பெட்டியில் வைக்க விமான விதி இடம் தராது. சார்ஜரும் அங்கிருந்தே வருவதானால் யூஎஸ்பி வகையாகக் கேளுங்கள். அந்த ஊர் மூன்று தட்டைக் கால் பிளக் இங்கே நுழையாது.

போலிக் கட்டையைத் தராசில் பிடிப்பது

18650-ல் 9900 எம்ஏஹெச் என்று அச்சிட்டு விற்கிறார்கள். இந்த உடம்பில் நல்ல கம்பெனிக் கட்டைகள் எட்டுவதே 3500 சொச்சம். 21700-ல் 5000 என்பது வழக்கமான நல்ல அளவு. அச்சைப் படித்த பிறகு எடையைப் பாருங்கள். நகைக்கடை அல்லது சமையலறை மின்தராசு போதும். அசல் 18650 பெரும்பாலும் 44 முதல் 49 கிராம் இருக்கும், 21700 எழுபது கிராமை ஒட்டி. 30 கிராம் காட்டினால் உள்ளே சின்னக் கட்டையைப் போட்டு இடத்தை நிரப்பியிருக்கிறார்கள்.

கட்டையில் ஐஎஸ் 16046 என்ற தர எண்ணும் ஆர் எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். அந்தப் பதிவு எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் யாருடைய பதிவு என்று காட்டும். அச்சிட்ட பெயரும் காட்டும் பெயரும் ஒன்றா என்று ஒத்துப்பாருங்கள்.

அளவிலும் ஒரு சிக்கல். பாதுகாப்புச் சுற்று வைத்த கட்டை 65-க்குப் பதில் 68 முதல் 70 மில்லிமீட்டர் வரை நீளும். சில விளக்கில் மூடி திருகாது. தட்டைத் தலைக் கட்டை சில விளக்கில் தொடாது, மொட்டுத் தலை வேண்டும். விளக்கின் தாளில் எது என்று எழுதியிருப்பார்கள், பார்த்து வாங்குங்கள்.

பழைய லேப்டாப் பேட்டரியைப் பிரித்து எடுத்த கட்டை சர்வீஸ் கடையில் மலிவாகக் கிடைக்கும். பழகியவர் பயன்படுத்தட்டும், முதல் கட்டையாக வேண்டாம். சோலார் விளக்கிலிருந்து எடுத்த கட்டையிலும் எச்சரிக்கை வேண்டும். அதில் பல லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை, 3.2 வோல்ட், நிறைவு 3.65. உருவத்தில் 18650 மாதிரியே இருக்கும். 4.2 வோல்ட் சார்ஜரில் போட்டால் கெடும்.

சார்ஜர்

விளக்கிலேயே யூஎஸ்பி-சி வாய் இருந்தால் தனிச் சார்ஜர் இல்லாமலே ஆரம்பிக்கலாம். அதில் அடிக்கடி வரும் புகார் ஒன்று: புதுச் செல்போன் சார்ஜரில், இரு முனையும் சி வடிவமுள்ள வயரில் போட்டால் ஏறவே இல்லை. விளக்கு பழுது என்று திருப்பி அனுப்புகிறார்கள். மலிவு விளக்கில் அந்தச் சார்ஜர் அடையாளம் காணும் 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டரை வைக்காமல் விட்டிருப்பார்கள், அவ்வளவுதான். ஒரு முனை பழைய தட்டை யூஎஸ்பி, மறுமுனை சி உள்ள வயரில், சாதாரண 5 வோல்ட் அடாப்டரில் போடுங்கள், ஏறும். வேகச் சார்ஜரில் போட்டாலும் இது வேகமாக ஏறாது.

நிக்கலுக்குத் தனி, லித்தியத்துக்குத் தனி, அல்லது இரண்டையும் தானே அடையாளம் காணும் சார்ஜர் என்று வாங்கலாம். எக்ஸ்டார், லீட்டோகாலா, நைட்கோர் வகைகளில் யூஎஸ்பியில் ஓடும் ஒற்றைக் கட்டை, இரட்டைக் கட்டைச் சார்ஜர்கள் உண்டு. லீட்டோகாலா லி-500 நான்கு கட்டை பிடிக்கும். 300 முதல் 1000 மில்லி ஆம்பியர் வரை தேர்ந்தெடுக்கலாம், கட்டையின் கொள்ளளவை அளந்தும் சொல்லும். ஒரு விளக்கு, இரண்டு கட்டை வைத்திருப்பவருக்கு அது தேவையே இல்லை.

மின்னோட்டம் எவ்வளவு? 18650-க்கு 1 ஆம்பியர் வரை நல்லது. 800 எம்ஏஹெச் சிறு கட்டைக்கு அதே 1 ஆம்பியர் அதிகம், 0.3 அல்லது 0.5-க்கு இறக்குங்கள். நேரம் கணக்கிட, கொள்ளளவை மின்னோட்டத்தால் வகுத்து ஐந்தில் ஒரு பங்கு கூட்டுங்கள். 3000-ஐ 1000-ஆல் வகுத்தால் 3. கூட்டினால் மூன்றரை மணி நேரத்துக்கு மேல். ஏஏ 2000-ஐ 500-ல் போட்டால் ஐந்து மணி நேரம்.

நிக்கல் சார்ஜரில் நம் ஊருக்கென்றே ஒரு பொறி இருக்கிறது. கட்டையோடு இலவசமாக வரும் சார்ஜர்கள் பல, கட்டை நிறைந்ததா என்று பார்ப்பதில்லை. இத்தனை மணி நேரம் என்று கடிகாரம் வைத்து நிறுத்துகின்றன. நடுவில் கரண்ட் போய் வந்தால் கடிகாரம் சுழியிலிருந்து தொடங்கும். மாலையில் மூன்றுமுறை போய் வந்த நாளில் ஏற்கெனவே நிறைந்த கட்டைக்குள் இரவு முழுக்க மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும். கட்டை சூடாகி, உள்ளே வாயு சேர்ந்து, சில மாதத்தில் தாங்கும் திறன் போய்விடும். அதனால் நிறைவில் வோல்ட் லேசாக இறங்குவதைக் கண்டு ஒவ்வொரு கட்டையையும் தனித்தனியாக நிறுத்தும் சார்ஜராகக் கேளுங்கள். அடையாளம் எளிது: கட்டைக்கு ஒரு விளக்கு இருக்கும், ஒற்றைக் கட்டையையும் ஏற்றும். இரண்டிரண்டாகத்தான் போட வேண்டும் என்று எழுதியிருந்தால் அது பழைய ரகம். நல்ல சார்ஜரையும் மெதுவாக 200 மில்லி ஆம்பியரில் ஓட்டாதீர்கள். அந்தச் சின்ன இறக்கம் தெரியாமல் போகும். 500 முதல் 1000 வரை வையுங்கள்.

மல்டிமீட்டர் சோதனை

சார்ஜரை நம்பும் முன் ஒருமுறை சோதியுங்கள். எலக்ட்ரிக் கடையில் கிடைக்கும் மஞ்சள் மல்டிமீட்டர் போதும். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து, 1953-ல் மத்திய மின்வேதியியல் ஆய்வகம், நம்ம சிக்ரி, திறக்கப்பட்ட ஊர் காரைக்குடி. அந்த ஊர்க்காரர் வீட்டில் ஒரு மல்டிமீட்டர் இருப்பதில் தப்பில்லை.

1. திருகை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். கறுப்பு வயர் காம் துளையில், சிவப்பு வயர் வி துளையில். 10 ஆம்பியர் என்று எழுதிய துளையில் சிவப்பைச் செருகிக் கட்டையைத் தொட்டால் அது நேர் ஷார்ட், வயர் பழுத்துவிடும்.

2. சார்ஜ் போடும் முன் கட்டையை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். 18650 கட்டை 2.5 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் போட வேண்டாம், அது கழிவு. 3.5 என்றால் கிட்டத்தட்ட காலி, 3.7 முதல் 3.8 பாதி, 4.2 நிறைவு.

3. அரை மணி நேரம் கழித்துத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு சரி. கையில் பிடிக்க முடியாத சூடு என்றால் பிளக்கைப் பிடுங்கி, கட்டையை வெளியே தரையில் வையுங்கள்.

4. பச்சை விளக்கு வந்ததும் எடுத்து அளக்கவும். 4.15-லிருந்து 4.22 வரை நல்லது. 4.25-ஐத் தாண்டினால் சார்ஜரைத் தூக்கிப்போடுங்கள்.

5. பச்சை வந்த பிறகும் இரண்டு மணி நேரம் விட்டு மறுபடி அளக்கவும். வோல்ட் ஏறிக்கொண்டே போனால் அந்தச் சார்ஜர் நிறுத்தவில்லை. லித்தியத்துக்குச் சொட்டுச் சார்ஜ் ஆகாது.

6. கட்டையை வெளியே ஒரு இரவு வைத்துக் காலையில் பாருங்கள். 4.1-க்கு மேலே நின்றால் கட்டை நன்று. 4.0-க்குக் கீழே வழிந்திருந்தால் கட்டைதான் குற்றவாளி.

7. சுவிட்சை அணைத்த சார்ஜரில் கட்டையை விட்டு, மறுநாள் அளக்கவும். சில சார்ஜர் கரண்ட் இல்லாதபோது கட்டையிலிருந்தே திருப்பி உறிஞ்சும். மின்தடை உள்ள இடத்தில் இது தெரிந்திருக்க வேண்டும். அப்படி இருந்தால் பச்சை வந்ததும் எடுத்துவிடும் பழக்கம் போதும்.

சார்ஜ் போடும் இடம் ஆத்தங்குடித் தரை, கல் மேடை மாதிரி எரியாத பரப்பாக இருக்கட்டும். மெத்தை, மரப்பெட்டி, செய்தித்தாள் வேண்டாம். சித்திரை, வைகாசியில் தகரக் கொட்டகைக்குள் போடாதீர்கள். 45 டிகிரிக்கு மேல் லித்தியக் கட்டைக்குச் சார்ஜ் ஏற்றக் கூடாது, தகரத்தின் கீழே மதியத்தில் அந்தச் சூடு சாதாரணம். காலையிலோ இரவு ஆள் விழித்திருக்கும்போதோ போடுங்கள்.

வீட்டைப் பூட்டும் நாளில்

18650 விளக்கு என்றால் கட்டையைப் பாதிக்குக் கொண்டுவாருங்கள், 3.7 முதல் 3.8 வோல்ட். முழுச் சார்ஜும் கோடைச் சூடும் சேர்ந்தால்தான் இந்தக் கட்டை சீக்கிரம் கிழடாகிறது. கட்டையைக் கழற்றிப் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, கீழ்த்தள உள்ளறையில் வையுங்கள். தடித்த சுவருக்குள் சூடு ஏறாது. மாடியில் வேண்டாம். சாவி, சில்லறை, நகைப்பெட்டிச் சங்கிலி பக்கத்தில் படக் கூடாது.

கழற்ற மனமில்லை என்றால் பின்மூடியைக் கால் சுற்று தளர்த்துங்கள். மரை மின்சாரம் கடத்தாத சாயமேறிய (ஆனோடைஸ்) அலுமினியமாக இருந்தால் தொடர்பு அறுந்து, பையில் தானே எரிவதும் நிற்கும், அணைத்த பிறகும் மின்சுவிட்ச் கட்டையிலிருந்து கொஞ்சங்கொஞ்சமாகக் குடிப்பதும் நிற்கும். சில விளக்கில் மரை வெறும் உலோகம், தளர்த்தினாலும் எரியும். ஒருமுறை அழுத்திப் பார்த்து உறுதிசெய்யுங்கள்.

ஆல்கலைன், கார்பன் கட்டை போட்டிருந்தால் யோசிக்கவே வேண்டாம், வெளியே எடுத்துவிடுங்கள். ஈய-அமில டார்ச் இருந்தால் மாதம் ஒருமுறை சார்ஜ் போடச் சொல்லிக் காவலுக்கு இருப்பவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்; அவருக்காவது பயன்படும்.

பழனிக்கு நடப்பவர்களுக்கு

தைப்பூசத்துக்குக் குன்றக்குடி, சிங்கம்புணரி, நத்தம் வழியாக நடப்பவருக்குக் கை டார்ச் தொல்லை. காவடியோ தண்ணீர்ப் பாட்டிலோ கையில் இருக்கும். நெற்றியில் கட்டும் விளக்கை வாங்குங்கள். விடியலுக்கு முன் தினம் இரண்டு மணி நேரம், 50 லூமன், ஆறு நாள் என்றால் 600 லூமன்-மணி. ஒரே ஒரு 18650 மறு சார்ஜ் இல்லாமலே தாங்கும். தங்குமிடத்தில் ஒரு பிளக் பாயிண்ட்டைச் சுற்றி இருபது செல்போன் காத்திருக்கும்போது இதன் அருமை தெரியும். எதிரே வருபவர் முகத்தில் அடிக்காமல் விளக்கைக் கீழே சாய்த்து வையுங்கள். முன்னால் பார்ப்பதைவிடப் பின்னால் வரும் லாரிக்குத் தெரிவதுதான் உயிர் காக்கும். முதுகில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கும், பையில் ஒளி திருப்பும் பட்டையும் கட்டாயம்.

எரியவில்லை என்றால்

முதலில் கட்டை திசை சரியா என்று பாருங்கள். பிறகு பின்மூடியைக் கழற்றி, குழலின் விளிம்பையும் உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கையும் உலர்ந்த துணியால் துடையுங்கள். மினுக்கிக்கொண்டு எரியும் டார்ச்களில் பெரும்பாலும் அழுக்கு அந்த விளிம்பில்தான் இருக்கும். மூடிக்குள் இருக்கும் வளையம் தளர்ந்திருந்தால் கூர்முனை இடுக்கியால் இறுக்குங்கள்.

எது கெட்டது என்று தெரிய ஒரு வழி உண்டு. பின்மூடியை முழுக்க எடுத்துவிட்டு, ஒரு செம்பு வயர்த் துண்டால் கட்டையின் அடியையும் குழல் விளிம்பையும் ஒரு நொடி இணையுங்கள். எரிந்தால் சுவிட்ச் கெட்டிருக்கிறது. எரியாவிட்டால் தலைப் பக்கம். பொத்தானை அழுத்தினால் நிலையாகத் தொடும் சுவிட்ச் உள்ள விளக்குக்குத்தான் இது. பக்கவாட்டு மின்சுவிட்சுக்குப் பொருந்தாது.

கட்டை கசிந்திருந்தால் எது கசிந்தது என்று பார்த்துச் சுத்தம் செய்ய வேண்டும். ஆல்கலைனிலிருந்து வருவது காரம். பஞ்சில் எலுமிச்சைச் சாறோ வினிகரோ தொட்டுத் துடையுங்கள், நுரைத்து இளகும். கார்பன் கட்டையிலிருந்து வருவது அமிலம் சார்ந்தது. சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்துத் தடவுங்கள். பச்சை நிறம் பித்தளை அரித்ததால் வந்தது. மெல்லிய உப்புத்தாளில் தேய்த்தால் போகும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், பிறகு ஈரத்துணியால் துடைத்து ஒரு நாள் காயவிடுங்கள்.

18650-ன் பிளாஸ்டிக் உறை கிழிந்திருந்தால் அப்படியே போடாதீர்கள். இந்தக் கட்டையின் உடம்பு முழுக்க எதிர்முனை; நேர்முனைக்கு ஓரத்தில் உறை விட்டிருந்தால், நேர்முனையைத் தொடும் உலோகம் உடம்பிலும் பட்டு ஷார்ட் ஆகும். புது பிவிசி உறை வாங்கி, தலையில் வெள்ளை அட்டை வளையத்தைத் திரும்ப வைத்து, ஹேர் டிரையர் காற்றில் சுருக்கினால் சரியாகும். நசுங்கியது, ஊதியது, இனிப்பு வாசம் வருவது என்றால் உறை மாற்றிப் பயனில்லை. இரு முனையிலும் டேப் ஒட்டி, குப்பை வண்டியில் போடாமல், புதுக் கட்டை வாங்கும் கடையிலோ மின்கழிவு எடுப்பவரிடமோ கொடுங்கள்.